பச்சைக் காரின் பின்சீட்டு

பழைய கார் சங்கத்திலிருந்து வந்த மனிதர் பச்சைக் காருக்குள் தலையை விட்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது. வெளியே இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மீட்டர்காரர் மனைவிக்கு அந்தக் கால்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியது. ஒரு காரைப் பார்க்க இத்தனை நேரமா? அவளும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள்தான். ஒரு சொட்டு ரத்தத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இதைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவாள்.

மீட்டர்காரர் போய் இரண்டு மாசம் ஆகிறது. மீட்டர்காரர் என்றால் தண்ணீர் மீட்டர். வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுகிற உத்தியோகம். அது வயிற்றுக்கு. உயிருக்குப் பழைய கார்கள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, டயர்க்கடைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை பிடித்து, அதில் ஐந்து கார்களை அடைத்து வைத்திருந்தார். ஐந்தில் ஓடக்கூடியது இந்தப் பச்சை ஒன்றுதான். மற்ற நான்கும் வருஷக்கணக்காக 'இதோ முடிந்துவிடும்' என்கிற நிலையிலேயே நின்றன. அடுத்தவர்கள் இரண்டு வருஷத்தில் முடிக்கிற வேலையை இவர் பத்து வருஷம் இழுப்பார். சங்கத்தில் அவருக்கு 'நத்தை' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது.

ஆனால் பச்சைக் கார் என்று வந்துவிட்டால் சங்கத்தில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு திருகாணி மாறாமல், கம்பெனி வாசலை விட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மீட்டரில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த வயதுக் காருக்கு அது வாசலுக்குப் போய்த் திரும்பிய தூரம். சங்கம் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தது. அதில் முதல் காராக இதை நிறுத்தி, 'காத்தவர்' என்று அவர் பெயரைப் பித்தளையில் வெட்டி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பார். கேட்க ஆளில்லை. அதனால் அவருக்கும் சேர்த்து அவளே பூரித்துப் போயிருந்தாள். சங்கத்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒரு தாள் எழுதிக் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

ஒரு வழியாகத் தலை வெளியே வந்தது. இந்த மதிப்பீட்டாளரைச் சங்கத்தில் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். கையில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது அதைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். முகம் சரியில்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

கோபப்படுத்தப் போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். "சொல்லுங்க" என்றாள்.

"மீட்டரத் திருப்பி வச்சிருக்காங்க."

"யாரு?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தோரு வருஷமாக அந்தக் காரைத் தொட்டவர் ஒருவர்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டியில பின்சீட்டு இப்படி உட்காராதும்மா. இங்க பாருங்க, இடது பக்கம். ஸ்பிரிங் அமுங்கிடுச்சு. ஓரத் தையல் தேஞ்சு போச்சு. கீழ விரிப்புல குதிகால் பட்டுப் பட்டு நூல் தெரியுது. கதவுக் கைப்பிடியில பளபளப்பே இல்ல. குறைஞ்சது ஒன்றரை லட்சமாவது ஓடியிருக்கணும்."

"ஸ்டியரிங் புதுசாத்தானே இருக்கு? கால் வைக்கிற பெடல்கூட."

"அதெல்லாம் மாத்திடலாம். மீட்டரத் திருப்புறவங்க முன்பக்கம் பூராத்தையும் சரி பண்ணிடுவாங்க. பின்சீட்ட மறந்துடுவாங்க. நாப்பது வருஷமா நான் பிடிச்ச அத்தன பேரும் மாட்டினது பின்சீட்டுலதான்." அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. மனுஷருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "சனிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. நான் எழுதிக் குடுத்தா பதிவேட்டுல ஏறிடும். அப்புறம் அழிக்க முடியாது. அதுக்குள்ள வேற ஏதாவது விவரம் கிடைச்சா சொல்லுங்கம்மா."

அவர் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை.

மீட்டரைத் திருப்பினாராம். வாழ்நாள் முழுக்க ஊரார் மீட்டரைப் பார்த்து எழுதியவர். ஒரு ஹோட்டல்காரர் ஒருமுறை, முள்ளைக் கொஞ்சம் பார்க்காத மாதிரி விட்டுவிடுங்கள் என்று சொன்னதற்கு, அதன் பிறகு அந்த ஹோட்டலில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரைப் பற்றி எல்லாரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மனுஷன் கிறுக்கு, ஆனால் பொய் வராது. பொய் வராது என்பது நல்ல குணத்தால் மட்டும் இல்லை, வரவே வராது. எதையாவது மறைத்தால் காது சிவந்துவிடும். அவருடைய தம்பி ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டதை, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் காதைப் பார்த்தே அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

அப்படியானால் பின்சீட்டு ஏன் தேய்ந்தது?

இந்த இடத்தில்தான் அவளுக்கு இடித்தது. ஏனென்றால் அந்தப் பின்சீட்டில் யாரையும் உட்கார விடாதவர் அவர். யாரையும் என்றால் அவளையும் சேர்த்துத்தான். மகள் கல்யாணத்துக்கு மணப்பெண்ணை வாடகைக் காரில் அனுப்பினார். சொந்தமாக ஐந்து கார் வைத்திருக்கிற அப்பா. "இந்த மாசம் மட்டும் பச்சைய எடுக்க முடியாதும்மா" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவக்கவில்லை. அதனால் அது பொய் இல்லை, வெறும் பிடிவாதம் என்று அவள் முடிவு கட்டினாள். அன்றோடு அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் போட்டாள். பதினான்கு வருஷம் காப்பாற்றவும் செய்தாள். வேலையில் இருந்தவரை அவளுக்கு மதியம் இரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை ஷிஃப்ட். ஓய்வுக்குப் பிறகு முழங்கால் வலி. சபதத்துக்கு எல்லாம் வசதியாகத்தான் இருந்தது.

இப்போது எழுந்து போய்ப் பச்சைக் காரின் பின்கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. கேட்பாரில்லாத இந்த நேரத்திலும் காலை உள்ளே வைக்கத் தயக்கமாக இருந்தது. அத்தனை வருஷத்துப் பழக்கம். வெளியே நின்றபடியே குனிந்து, சீட்டும் முதுகுச் சாய்வும் சேருகிற இடுக்கில் விரல்களை விட்டாள்.

முதலில் பென்சில் சீவிய தூள் வந்தது. பிறகு கடித்துக் கடித்து உருத்தெரியாமல் போன பேனா மூடி. அரை ரப்பர். கடைசியில் ஒரு ஹேர்பின். அவள் வாழ்க்கையில் ஹேர்பின் குத்தியதில்லை. அவள் முடிக்கு அது நிற்காது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்கு முதலில் தோன்றியதை எழுதினால் நன்றாக இருக்காது. இரண்டாவதாகத் தோன்றியது, அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் காதைப் பிடித்துத் திருகியிருக்கலாம் என்பது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஹேர்பின் வைத்த பெண்ணோடு ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் எங்கே போனார்? மாலையில் கொட்டகைக்குப் போய் எட்டு மணிக்குள் வீடு திரும்புகிற மனுஷன் எவ்வளவு தூரம்தான் போக முடியும்? கணக்கு உதைத்தது. ஆனால் பென்சில் தூள்? ரப்பர்? முப்பது வருஷம் கண்ணாடித் துண்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவள் அவள். ஒரு அடையாளத்தை வைத்து நோயைச் சொல்லக் கூடாது, எல்லா அடையாளமும் ஒரே பக்கம் பேச வேண்டும் என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்வாள். இங்கே ஒன்றோடு ஒன்று பேசவே இல்லை.

போதாக்குறைக்குப் பழைய சந்தேகங்களும் எழுந்து உட்கார்ந்துகொண்டன. ஓடாத காருக்கு வருஷத்துக்கு இரண்டு பேட்டரி வாங்குவாரே, அது எதற்கு? ஐந்தாவது காரை இன்ஜினே இல்லாமல் இழுத்துக்கொண்டு வந்தாரே, அது எதற்கு? அன்றைக்கு அவள் கேட்காமல் விடவில்லை.

"இன்ஜின் இல்லாத காரு எதுக்குங்க?"

"சீட்டு நல்லா இருக்கு" என்றார்.

"காரு உட்காரவா, ஓட்டவா?"

கிறுக்கு முற்றிவிட்டது என்று அவள் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வியாழக்கிழமை காலையிலேயே எதிர்க் கடைக்குப் போனாள். டயர்க்கடைக்காரர் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கக்கா. அண்ணன் இல்லாம தெருவே வெறிச்சுன்னு இருக்கு."

அவள் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பச்சைக் காருல யாரு உட்காருவா?"

"எந்த வருஷத்துல?"

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "எந்த வருஷம்னா?"

"இல்லக்கா, வருஷத்துக்கு ஒருத்தர் மாறுவாங்கல்ல. சில பேரு நாலஞ்சு வருஷம்கூட இருப்பாங்க." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் அவங்கள அனுப்பி வைக்கிறீங்கன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்."

"யார அனுப்பி வைக்கிறேன்?"

"படிக்கிற பிள்ளைங்களத்தான்."

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் காதில் ஏறியது. நாலு மணிக்கு வருவார்களாம். ஒரு காருக்கு ஒரு ஆள். புத்தகத்தோடு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளிச்சத்தம் உள்ளே போகாதாம். இருட்டினால் காருக்குள் இருக்கிற சின்ன விளக்கைப் போட்டுக்கொள்வார்களாம். ஏழு மணிக்கு இறங்கிப் போய்விடுவார்களாம். அவர் கடை போட்ட நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக, இதுதான் நடைமுறையாம்.

"அண்ணன் ஒரு தடவ வந்து கேட்டாரு. 'தம்பி, நாலுலேருந்து ஏழு வரைக்கும் காத்தடிக்கிற மெஷின மட்டும் போடாம இருக்க முடியுமா'ன்னு. இந்தத் தொழிலுக்கு அதான் நல்ல நேரம்க்கா. வேற எவன் கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பேன். அவரு கேட்டதும் சரின்னுட்டேன். இப்பவும் அந்த நேரத்துல கைப் பம்புதான்."

அவர் சொல்லிக்கொண்டே போக, அவள் மனதில் பேட்டரி தானாகப் போய் விளக்கோடு சேர்ந்துகொண்டது. இன்ஜின் இல்லாத காரின் நல்ல சீட்டும் எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்தது.

"ஹேர்பின் வச்ச பொண்ணு யாராவது?"

டயர்க்கடைக்காரர் சிரித்தார். "நிறைய பேருக்கா. ஆனா பச்சையில ரொம்ப வருஷம் இருந்தது ஒரு பொண்ணு. இப்ப மூணாவது தெருவுல பல் டாக்டரா இருக்கு. எனக்குக் கடவாப் பல்ல பிடுங்கினதே அதுதான். பிடுங்குறப்ப நான் போட்ட சத்தத்துக்கு, 'ஏங்க, இவ்வளவு நாள் எங்களுக்காக அமைதியா இருந்தீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க'ன்னுச்சு."

அவள் கிளம்பும்போது, கடைக்குள் டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் விரித்த நோட்டும் மேலே கனத்துக்கு வைத்த ஸ்பானரும் இருந்ததைப் பார்த்தாள். கொட்டகை பூட்டிய பிறகு இரண்டு பேர் இங்கேதான் வருகிறார்கள் என்றார் அவர். அவள் கொட்டகைச் சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "பச்சை எப்படியும் போயிடும். மத்த நாலு இருக்குல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போனாள். வாசலில் மேஜை போட்டு ஒரு வயதானவர் வரிசை எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒடிசலான, பதவிசான மனிதர். "ரொம்ப வலிக்குதாம்மா? இப்படிக் காத்தோட்டமா உட்காருங்க" என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இல்லாத வலிக்கு இவ்வளவு உபசாரமா என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

உள்ளே டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடிக் கம்பியை விட்டுப் பார்த்தாள்.

"எந்தப் பல்லும்மா?"

வாய்க்குள் கம்பியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற ஒரே உத்தியோகம் இதுதான். அவள் கையால் கம்பியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஹேர்பினை எடுத்துக் கருவித் தட்டில் வைத்தாள்.

"இது உங்களுதா?"

டாக்டர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மீட்டர்காரர் வீட்டம்மா."

டாக்டர் கையுறைகளைக் கழற்றினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே இருந்த உருளை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மீட்டர் சார் போனதே எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தாம்மா தெரியும். உங்கள வந்து பாக்கணும்னு நெனச்சேன். என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியல."

"இப்ப நானே வந்துட்டேன்ல. சொல்லு."

டாக்டர் சொன்னாள். அவர்கள் வீட்டில் தாழ்ப்பாள் இருந்த ஒரே இடம் குளியலறைதானாம். அவள் அப்பா குடித்துவிட்டு வந்தால் கண்ணில் பட்டதெல்லாம் பறக்கும். புத்தகம் என்றால் முதலில் பறக்கும். அதனால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து படிப்பாளாம். அந்த வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்ததும் அங்கேதான்.

"ஒரு நாள் கதவத் தட்டினாங்க. திறந்தா மீட்டர் சார். என்னப் பாத்தாரு, வாளியப் பாத்தாரு, புத்தகத்தப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. முள்ளப் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த மாசமும் அப்படியேதான். மூணாவது மாசம் எங்கம்மாகிட்ட கேட்டாரு, 'உங்க பொண்ணு காருக்குள்ள உட்கார்ந்து படிக்குமா'ன்னு. அம்மா முதல்ல அவங்களே வந்து பாத்தாங்க. ஒரு மணி நேரம் காருல உட்கார்ந்து, எதிர்க் கடையில விசாரிச்சு, அப்புறம்தான் என்ன விட்டாங்க. கொட்டகைக் கதவு ரெண்டும் எப்பவும் அகலத் திறந்திருக்கும். சார் வாசல்லயே தெருவப் பாத்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துப்பாரு. அந்த மூணு மணி நேரமும் சுத்தியலத் தொட மாட்டாரு. ஏதாவது ஒரு சாமானத் துணியால துடைச்சுக்கிட்டே இருப்பாரு."

வேலை முடிந்து வந்தால் அவருக்கென்று கிடைப்பதே அந்த மூன்று மணி நேரம்தான். அதைத் துணியால் துடைத்தே கழித்தால் வேலை எப்படி முடியும்? சங்கத்து ஆட்கள் 'நத்தை, நத்தை' என்று கூப்பிட்டதும், அவர் சிரித்ததும், கூடவே தானும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னதும் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"உன் பேரு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. யாரு பேரையும் கேக்க மாட்டாரு. 'பேரு தெரிஞ்சா வீட்டுல உளறிடுவேன். எங்க வீட்டம்மா ரத்தத்தப் பாத்தே எல்லாத்தையும் கண்டுபிடிக்கிறவ'ன்னுவாரு. என்னப் பச்சைன்னுதான் கூப்பிடுவாரு. இன்னொருத்தர் கருப்பு, ஒருத்தர் சிமெண்டு. இன்ஜின் இல்லாத காருல உட்கார்ந்தவரு இப்ப கப்பல்ல இன்ஜின் பாக்குறாரு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள், மனதில் புதன்கிழமையிலிருந்து, ஏன், பதினான்கு வருஷமாக, கிடந்து அறுத்ததைக் கேட்டே விட்டாள்.

"ஊர்ப் பிள்ளைங்க அத்தன பேரையும் உட்கார வச்சவரு, என்ன மட்டும் ஏன் உட்கார விடல?"

டாக்டருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"எங்க புத்தகமெல்லாம் அந்த சீட்டுலதாம்மா இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுல்ல. எந்தப் பக்கத்துல விரிச்சு வச்சுட்டுப் போனேனோ, மறுநாள் வந்தா அதே பக்கம் இருக்கும். ஒரு தாள் புரண்டிருக்காது. வண்டிய அசைச்சா கலைஞ்சிடும்னு எடுக்கவே மாட்டாரு. சங்கத்து ஊர்வலத்துக்குக் கூப்பிட்டாங்க, பரீட்சை முடியட்டும்னுட்டாரு."

"எந்த மாசம் உங்களுக்குப் பரீட்சை?"

டாக்டர் மாதத்தைச் சொன்னாள். மீட்டர்காரர் மகளுக்குக் கல்யாணம் நடந்த மாதம்.

அப்போது அவளுக்குப் பெருமை வந்ததா, ஆத்திரம் வந்ததா என்றால், இரண்டும் வந்தன. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள்? மகளே அந்த வாடகைக் காரில் சந்தோஷமாக ஏறியிருப்பாள். அவருக்கு உளறத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். பேரைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் உளற வேண்டியதில்லை என்று கண்டுபிடிக்கிற அளவுக்கு மூளை இருந்திருக்கிறது அந்தக் கிறுக்கு மனுஷனுக்கு.

ஒன்று மட்டும் தெளிந்துவிட்டது. கார் ஓடாததும் சீட்டு தேய்ந்ததும் ஒரே காரணத்தால். மீட்டர் சொன்னது உண்மை. பின்சீட்டு சொன்னதும் உண்மை. எல்லா அடையாளமும் ஒரே பக்கம் பேசிவிட்டன.

பூதக்கண்ணாடி சொன்னதையும், நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கமிட்டி என்பதையும் அவள் சொன்னாள். டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் வர்றேன். வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டு ஹேர்பினை எடுத்து விரலில் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எல்லாத்தையும் கேப்பாங்கல்ல?" என்றாள். "வீட்டுல ஏன் படிக்க முடியலன்னு?"

"கேப்பாங்க. அவங்க பத்திரிகையில படத்தோட போடவும் செய்வாங்க."

"அப்பா திருந்தி பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. ஒரு சொட்டு தொடுறதில்ல. என் பிள்ளைங்க ராத்திரி அவரு கதை சொன்னாத்தான் தூங்குதுங்க." அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். "வெளிய நம்பர் எழுதிக் குடுத்தாரே, அவருதான்."

மின்விசிறியைத் திருப்பி வைத்த கை. மீட்டர்காரர் மனைவி அந்தக் கையைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நினைத்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

"பரவாயில்லம்மா, நான் வர்றேன்" என்று டாக்டர் மறுபடியும் சொன்னாள். கண் இன்னும் அந்தக் கதவிலேயே இருந்தது. ஆனால் வந்துவிடுவாள், கட்டாயம் வருவாள் என்பது தெரிந்தது.

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் அவள். "உனக்கு நாளைக்கு எத்தன பேரு பல்லோட வருவாங்களோ."

வெளியே வந்தபோது அந்த வயதானவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "சரியாயிடுச்சாம்மா?"

"சரியாயிடுச்சுங்க" என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்துக் கட்டடத்தில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், இடப்பக்கம் பதிவேட்டோடு செயலாளர், வலப்பக்கம் பூதக்கண்ணாடி. அவர் முன்னால் பாதி எழுதிய தாள். ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. ஒரு பக்கம் அவர் பெயர் பித்தளையில் ஏற வேண்டும். இல்லையென்றால் காலத்துக்கும் ஏமாற்றுக்காரர் என்று பதிவேட்டில் நிற்பார். இன்னொரு பக்கம், வாய் உளறாமல் இருக்கப் பெயரையே கேட்காத மனுஷன் பத்தொன்பது வருஷம் காத்த ஒன்றை அவருடைய வீட்டம்மா ஐந்து நிமிஷத்தில் போட்டு உடைக்க வேண்டும். எப்படிப் புரண்டு படுத்தாலும் ஏதோ ஒன்று குத்தியது.

"விவரம் ஏதாவது கிடைச்சுதாம்மா?" என்றார் பூதக்கண்ணாடி. கிடைத்திருக்க வேண்டுமே என்ற ஆசை அவர் முகத்திலேயே இருந்தது.

"ஓடாம நின்ன வண்டியில தினம் ஒரு ஆள் உட்கார்ந்தா சீட்டு தேயுமா, தேயாதா?"

அவர் யோசித்தார். நாற்பது வருஷத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. கார்க்காரர்களுக்குக் கார் என்றால் ஓடுவது. நிற்கிற காரில் சீட்டு எப்படித் தேயும் என்று எந்தக் கார்க்காரர் யோசித்தார்?

"தேயும்" என்றார் மெதுவாக. "தேயும்தான். ஆனா ஓடாத வண்டியில போய் யாரும்மா உட்காருவாங்க?"

"நான்தான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பத்தொம்பது வருஷமா. சாயந்தரம் நாலு மணிலேருந்து ஏழு வரைக்கும். அவரு வெளிய உட்கார்ந்து துடைச்சுக்கிட்டு இருப்பாரு, நான் உள்ள உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருப்பேன்."

"இடது பக்கம் மட்டும் எப்படி?" என்றார் பூதக்கண்ணாடி. தொழில் புத்தி விடுமா?

"உள்விளக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு. வேணும்னா பேட்டரிக் கடையில கேட்டுப் பாருங்க. ஓடாத காருக்கு வருஷத்துக்கு ரெண்டு பேட்டரி எதுக்கு வாங்கினாருன்னு."

பூதக்கண்ணாடி தாளின் ஓரத்தில் மூன்று மணி நேரம், வருஷத்துக்கு இத்தனை நாள், பத்தொன்பது வருஷம் என்று பெருக்கிப் பார்த்தார். "சரியா வருது" என்றார் தலைவரிடம். எழுதியிருந்ததை முழுக்க அடித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். மீட்டர் சரி. பின்சீட்டுத் தேய்மானம், உரிமையாளரின் மனைவி உட்கார்ந்து படித்ததால். கையெழுத்துப் போட்டுப் பேனா மூடியைத் திருகும்போது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க. எங்க யாரையும் அதுல உட்கார விட்டதே இல்ல அவரு. நானே ஒரு தடவ கேட்டிருக்கேன். 'ஒருத்தருக்குன்னு வச்சிருக்கேன், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டாரு. யாருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"ஆமா" என்றாள் அவள். "என்ன மட்டும்தான் விட்டாரு."

அதைச் சொல்லும்போது நாக்கு குழறவில்லை. சொன்ன பிறகுதான் கண் நிறைந்து வழிந்தது. வீட்டுக்காரரை நினைத்து அழுகிறாள் என்று செயலாளர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். திங்கட்கிழமை காரை மண்டபத்தில் ஏற்றிச் சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் கிட்டப் போக முடியாது. ஒரு நாள்கூட உட்காராத அந்தச் சீட்டை நினைத்துத்தான் அவள் அழுதாள்.